திரையில்லாத பல்லக்கு

கார்த்திகை 22

மழை விடவில்லை. நாளைக்குக் கட்டாரி வருகிறது.

பூஜை அறைச் சுவரில் பிடித்திருந்த பாசியைச் சுரண்டச் சொன்னேன். குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மேல் பலகைக்குப் புதுப் பட்டு விரித்தாயிற்று. போன வருஷமும் இதே வேலைகளைச் செய்தோம். அப்போது கட்டாரி அக்காவுக்கு வந்தது, இப்போது எனக்கு வருகிறது. அனுப்புகிறவர் அதே வேப்பங்கோட்டை ஜமீன்தார்தான்.

எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா, மனசு சரியில்லாத நாளில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுது என்பார். மனசு சரியில்லை என்று சொல்வதற்கில்லை. அது இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஜமீன்களில் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வருவதில்லை. தனக்குப் பதிலாகத் தன் கட்டாரியை, இடுப்பில் செருகும் குத்துவாளை, அனுப்பி வைப்பார். பெண் அதன் பக்கத்தில் மணையில் உட்கார, மாப்பிள்ளையின் சகோதரி தாலி கட்டுவாள். பிறகு பெண்ணையும் கட்டாரியையும் மூடுபல்லக்கில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அக்கா செண்பகவல்லியை இந்த மருதம்பாறை அரண்மனையிலிருந்து அப்படித்தான் அனுப்பினோம். வேப்பங்கோட்டை வாசலில் பல்லக்கை இறக்கி, ஆரத்தித் தட்டோடு திரையை விலக்கிப் பார்த்தால் மெத்தையில் கட்டாரி மட்டும் இருந்தது.

மலை அளக்க வந்த சர்வேயரோடு போய்விட்டாள் என்று ஊர் சொல்கிறது. எங்களுக்கும் அதற்கு மேல் தெரியாது.

கார்த்திகை 23

மதியம் வந்து சேர்ந்தார்கள். கட்டாரியைக் கொண்டுவந்தவர் ஜமீன்தாரின் தம்பி உக்கிரபாண்டியன். தலைப்பாகை நனைந்து அதன் சாயம் நெற்றியில் இறங்கியிருந்தது. மூங்கில் தட்டிக்குப் பின்னால் என்னோடு நின்ற இசக்கியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தலை பின்னிவிடுகிறவள் அவள். எதற்கும் சிரிப்பாள்.

"பேருதான் உக்கிரம். ஆளப் பாத்தா நனைஞ்ச கோழிக்குஞ்சு கணக்கா இருக்காக" என்றாள்.

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, அண்ணன் சொல்லியனுப்பியதை என்னைப் பெற்ற அய்யாவிடம் சொன்னார்.

"அதே பல்லக்கு, அதே பாதைல வரணுமாம். திரை போடக் கூடாதாம். உள்ள ஆள் இருக்காகன்னு வழி நெடுக ஜனங்க பாக்கணும்னு அண்ணன் சொல்லச் சொன்னாக."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பெண்களை வெளி ஆண்கள் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனால்கூட இரண்டு பக்கமும் திரை பிடித்துக்கொண்டுதான் போவோம். அய்யா கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு "சரி" என்றார். போன வருஷத்திலிருந்து அவர் வாயில் அதிகம் வருவது அந்த ஒரு சொல்தான்.

நான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், மாசித் தேருக்கு அய்யா மறுபடியும் முதல் வடம் பிடிக்கலாம் என்று கோயில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். போன மாசியில் அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தேர் எங்கள் தெருவைக் கடந்தபோது அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய பாக்கை யாரும் தின்னவில்லை. அதனால் நானும் சரி என்றேன். ஜமீன்தாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு மனைவிகள் இருக்கிறார்கள். இதைக் கேட்டபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகை 27

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் முகூர்த்தம் தையில். அதுவரை கட்டாரி இங்கேதான் இருக்கும். அதைக் கொண்டுவந்தவரும் அது இருக்கும் அறைக்கு வெளியே காவலாக இருக்க வேண்டும். விருந்தாளியாக வந்தவர் பெண் வீட்டுக்குள் இடுப்பில் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது என்பதால் அவருடைய கட்டாரியும் உள்ளேதான் இருக்கிறது. அண்ணனுடையது மேல் பலகையில், பட்டின் மேல். அவருடையது கீழ்ப் பலகையில், வெறும் மரத்தில்.

காலையில் மேல் பலகைக்குச் சந்தனமும் பூவும் வைப்பது என் வேலை. ஈரக் காலமாதலால் இரண்டுக்கும் எண்ணெய் போட வேண்டும். ஒரே கொல்லன் செய்தவையாம். அதே சிவப்பு உறை, அதே யாளி முகம். மேலே இருப்பதன் கைப்பிடியில் யாளியின் பல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே இருப்பதில் யாளிக்கு மூக்கே தேய்ந்துவிட்டது. பிடித்துப் பிடித்து வழுவழுப்பாகியிருக்கிறது.

வெளியே வரும்போது, "சிரமம் குடுக்கேன் மதினி" என்றார், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அண்ணன் மனைவியாகப் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்?

மார்கழி 2

பூ வைத்தேன். மழை.

மார்கழி 6

தோட்டக்காரன் இன்று நிறைய நந்தியாவட்டை கொண்டுவந்துவிட்டான். மேல் பலகைக்கு வைத்தது போக மிச்சம் இருந்தது. பூவை வீணாக்கக் கூடாது என்று கீழ்ப் பலகையிலும் ஒன்று வைத்தேன்.

இசக்கியம்மா பார்த்துவிட்டாள். "அந்தக் கத்திக்குமா கல்யாணம்?" என்று கேட்டாள். போடி என்றேன்.

மார்கழி 7

இன்றும் பூ மிச்சம்.

மார்கழி 11

திரி தூண்டும்போது விரல் சுட்டுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் இசக்கியம்மா கையைப் பிடித்துப் பார்த்து, கொப்புளம் போட்டிருப்பதைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு வருஷமாக இப்படித்தான் இருக்கிறேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று மற்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

அவர் வெளியிலிருந்து கேட்டார், "கைல என்ன? தேன் தடவுனீகளா?"

"வலிக்கல."

"வலிக்கலன்னா தடவக் கூடாதா?"

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு நானே, ஏன் கேட்டேன் என்று தெரியாமல், "உங்க அண்ணன் எப்படி?" என்று கேட்டேன்.

"எதையும் மறக்க மாட்டாக" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் திரை விஷயம் எனக்கே பிடிக்கல. சொல்லும்போதே நாக்கு கூசிச்சு. நான் போயி ஒருதரம் கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேட்டா கோவப்பட மாட்டாகளா?"

"படுவாக" என்றார்.

அவர் இன்று ஒரு தடவைகூட மதினி என்று கூப்பிடவில்லை. மறந்திருப்பார்.

மார்கழி 12

அய்யாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு விடிந்ததும் குதிரையில் போய்விட்டார். பூ வைத்தேன், இரண்டுக்கும்.

மார்கழி 14

கத்தரிக்காய் கசந்தது. சாப்பிடவில்லை. கத்தரிக்காய் நன்றாகத்தான் இருக்கிறது என்று இசக்கியம்மா சொல்கிறாள். அவளுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

வேப்பங்கோட்டைப் பாதையில் ஓடைத் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். குதிரை நீந்துமா என்று தோட்டக்காரனிடம் கேட்டேன். எந்தக் குதிரை என்றான். பொதுவாகக் கேட்டேன் என்றேன்.

மார்கழி 16

வந்துவிட்டார். இடது கன்னம் வீங்கி, தோல் கிழிந்திருந்தது. மோதிரம் போட்ட கையால் அறைந்தால்தான் அப்படித் தோல் கிழியும்.

"திரை கேட்டேன். இல்லைன்னுட்டாக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இசக்கியம்மாவிடம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொடுத்தனுப்பினேன். அவள் திரும்பி வந்து, "தடவும்போது கண்ணுல தண்ணி வந்துட்டு அவுகளுக்கு. வலியான்னு கேட்டேன். இல்லைங்காக. நீங்க ரெண்டு பேரும் நல்லா வலிக்கல வலிக்கலன்னு சொல்லிக்கிட்டு அலையுதீக" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வெகுநாள் கழித்து வந்த கோபம், சாயங்காலம் வரை இருந்தது.

மார்கழி 21

அய்யா பூஜை அறைக்கு வந்தார். அக்கா போனதற்குப் பிறகு அவர் அந்த வாசல்படியை மிதித்ததே இல்லை. மேல் பலகைக் கட்டாரியை எடுத்து, உறையிலிருந்து உருவி, கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பழைய நாளில் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கத்தி யாருடையது என்று சொல்லுவார். சிங்கம்பட்டி போகிற வழியில் ஒரு தடவை அப்படிப் பந்தயம்கூடக் கட்டினார் என்பார்கள்.

"இது எலுமிச்சம்பழம்கூட வெட்டிருக்காது" என்றார்.

அதை வைத்துவிட்டுக் கீழே இருந்ததைப் பார்த்தார். அதன் மேல் நந்தியாவட்டை இருந்தது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூவை மெதுவாக நகர்த்தி, கட்டாரியை எடுத்துக் கைக்குள் வைத்துப் பார்த்தார். திரும்ப வைத்து, பூவையும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்கழி 26

எண்ணெய் தேய்த்து விடும்போது இசக்கியம்மா இன்று சிரிக்கவில்லை. என்ன என்றேன். தன் வீட்டுக்காரன் சுடலைமுத்துவையும் பல்லக்குத் தூக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். அவன்தான் போன வருஷம் அக்காவின் பல்லக்கிலும் முன்தோள் கொடுத்தவன்.

"ஓடைக்கரைல தண்ணி குடிக்க எறக்கி வச்சாங்களாம்மா. திரும்பத் தூக்குனாங்களாம்" என்றாள்.

"தெரியும். எல்லாரும் சொன்னாங்கதான?"

"தூக்குனா தோளுக்குத் தெரியாதா கனம்? நாலு பேரு தூக்குதாங்க. நாலு பேருக்குமா தெரியாமப் போச்சு?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். எண்ணெய் கண்ணில் இறங்கியது.

"ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கலயாம். பேசாமத் தூக்கிக்கிட்டு நடந்துட்டாங்களாம். பெரிய நாச்சியா ஏறும்போது அழுத அழுகையக் கேட்டவங்கள்லா. தாசில்தார் வந்து சவுக்கால அடிச்சுக் கேட்டப்பகூட, கனம் தெரியலன்னே சொல்லிட்டாக எங்க வீட்டுக்காரரு."

அக்கா அழுதாள். ஆமாம். நானும் கேட்டேன். நாதஸ்வரம் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.

மார்கழி 29

தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

தை 4

வேப்பங்கோட்டையிலிருந்து தாலி கட்ட ஆவுடையம்மாள் நாச்சியார் வந்துவிட்டார். ஜமீன்தாருக்குத் தங்கை, உக்கிரபாண்டியனுக்கு அக்கா. போன வருஷம் என் அக்காவுக்குத் தாலி கட்டியதும் இவர்தான். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு மெலிஞ்சா எப்படி?" என்றார். தம்பியின் கன்னத்துத் தழும்பைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. யார் கை என்று தெரிந்திருக்கும்.

கல்யாணம் முடிந்ததும் தான் சென்னைப் பட்டணம் போய்விடப் போவதாகத் தம்பி தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே என்ன வேலை என்று நாச்சியார் கேட்டார். ஒரு வேலையும் இல்லை, இங்கே இருக்க முடியாது, அவ்வளவுதான் என்றார். நான் பக்கத்து அறையில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். முடித்துப் பார்த்தால் வெற்றிலையையெல்லாம் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டிருக்கிறேன்.

தை 11, விடியும் முன்

குளித்தாயிற்று. கூறைப் புடவை கனமாக இருக்கிறது. வெளியே தவில்காரர் தட்டிப் பார்க்கிறார்.

கட்டாரியைத் தட்டில் வைத்துப் பட்டால் மூடி மணப்பந்தலுக்கு அனுப்புவதும் என் வேலைதான். அறையில் ஒரே ஒரு விளக்கு. ஈரத் திரி, சரியாக எரியவில்லை. இரண்டுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். இரண்டுக்கும் ஒரே உறை. எடுத்துத் தட்டில் வைத்தேன். கைப்பிடி கைக்கு வழுவழுவென்று இருந்தது. பட்டை மூடினேன்.

கொப்புளம் இருந்த இடம் இப்போது வலிக்கிறது.

தை 12

நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

மணையில் உட்கார்ந்தேன். பக்கத்து மணையில் தட்டை வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி, தாலி கட்டுவதற்கு முன் புரோகிதர் "யாருடைய கட்டாரி?" என்று சபையறியக் கேட்பார். கொண்டுவந்தவர் பட்டை எடுத்து, கட்டாரியை நாலு விரல் உருவிக் காட்டி, உடையவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பெயருக்குத்தான் தாலி. அம்மன் முன்னால் சொல்வது என்பதால் அந்த இடத்தில் பொய் சொன்னவன் கிடையாது.

அவர் பட்டை எடுத்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு கை வெறும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. என்னைப் பார்க்கக் கூடாது, ஆனால் பார்த்தார். தட்டி இல்லாமல் அவர் முகத்தை நான் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். பயந்து போயிருந்தார். எனக்கும் பயமாக இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்தது, காது அடைத்தது, வாய் உலர்ந்தது. ஒரு வருஷத்துக்கும் சேர்த்து எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தட்டு மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளே போய் மற்றதை எடுத்து வந்துவிடுவார்கள்.

"யாருடைய கட்டாரி?" என்று புரோகிதர் இரண்டாம் தடவை கேட்டார்.

அவர் நாலு விரல் உருவினார்.

"உக்கிரபாண்டியன்" என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.

பந்தலில் சளசளவென்று பேச்சு எழுந்தது. வேப்பங்கோட்டை ஆட்கள் எழுந்தார்கள். தாலியைக் கையில் வைத்திருந்த ஆவுடையம்மாள் நாச்சியார் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டாரியைப் பார்த்தார்.

"அய்யா, கத்தி மாறிட்டு" என்று யாரோ கத்தினார்கள்.

அய்யா எழுந்து வந்தார். குனிந்து, கைப்பிடியை விரலால் ஒரு தடவை தடவினார். ஊர் முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசித் தேர் எனக்கு ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கும். சரி என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். எதற்குச் சரி என்பார் என்றுதான் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் மாறுனதாத் தெரியல" என்றார். "கட்டுங்க தாயி, முகூர்த்தம் போகுது."

ஆவுடையம்மாள் நாச்சியார் கட்டினார். மூன்றாவது முடிச்சைப் போடும்போது என் காதுக்குப் பக்கத்தில், "ரெண்டு பேருக்கும் நான்தான் கூடப் பிறந்தவ" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

எல்லோரும் வந்து வந்து கேட்கிறார்கள். விடியாத நேரம், ஒரே விளக்கு, ஈரத் திரி, இரண்டும் ஒரே சிவப்பு உறை, எண்ணெய் போட்டுத் துடைத்ததில் மாறியிருக்கும் என்று சொல்கிறேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன்.

தை 15

ஆவுடையம்மாள் நாச்சியார் தானே வேப்பங்கோட்டை போய் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வாசலில் ரொம்ப நேரம் கால் கழுவினார். நாங்கள் எல்லோரும் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன சொன்னாக?" என்றார் அய்யா.

"மொதல்ல சாமான்லாம் ஒடஞ்சுது. ஒடைக்கட்டும்னு உக்காந்திருந்தேன். பொறவு சொன்னேன், ஒரு தடவை ஊரு சிரிச்சாச்சு, ரெண்டாந்தடவையும் பொண்ணு வரலன்னு சிரிக்க விடப் போறியளான்னு." அவர் செம்பைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துல இருந்தே தம்பிக்குத்தான் பொண்ணு கேட்டோம்னு தண்டோரா போடச் சொல்லிருக்காக. இவனுக்குப் பிரிச்சுக் குடுத்த பழைய வீட்டுல இருந்துக்கிடலாம். அரண்மனை வாசப்படி மட்டும் மிதிக்கக் கூடாதாம்."

"அதுவும் நல்லதுதான்" என்று இசக்கியம்மா உள்ளேயிருந்து சொன்னாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அய்யா பாக்கு வெட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மாசித் தேர் என்ன ஆகும் என்று கேட்டேன். "தேரா? அது நாலு சக்கரத்துல தானே ஓடிக்கிடும்" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்தார். கை வெகுநேரம் இருந்தது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன், அழுகை வரவில்லை.

தை 17, பழைய வீட்டில்

வந்து சேர்ந்தோம்.

புறப்படும்போது அவர் பல்லக்குப் பக்கம் வந்தார். புதுத் திரையைச் சுருட்டி மேலே கட்டி வைத்திருந்தார்கள். "இனி யாரும் கேக்க முடியாது. எறக்கி விடச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். வழி பாக்கணும்" என்றேன்.

வழி நெடுக ஜனங்கள் நின்றார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் நானும் அவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பெண் கீரைக்கட்டோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்கப் பல்லக்கை இறக்கினார்கள். நான் இறங்கினேன். சுடலைமுத்து செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மற்ற மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முன்னால் குதிரையில் போனவரும் நின்றார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. எங்கே போனாலும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அக்கா இந்த மரத்தடியில்தான் இறங்கியிருப்பாள். அக்கரையில் ஒரு ஒற்றையடிப் பாதை மலைக்கு ஏறுகிறது. தண்ணீரில் கையை வைத்தேன். ஜில்லென்று முழங்கை வரை ஏறியது. முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது. அக்காவுக்காக, அய்யா வெட்டிய பாக்குக்காக, போன ஒரு வருஷத்துக்காக உட்கார்ந்து அழுதேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவும் அழுதேன். அந்தப் பூ ஒரு நாளும் மிச்சம் இருந்ததில்லை.

பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பல்லக்கில் ஏறினேன். தூக்கினார்கள். சுடலைமுத்து பத்தடி நடந்து, முன்தோளைச் சரிசெய்துகொண்டு, திரும்பாமலே சொன்னான்.

"இப்பக் கனம் சரியா இருக்கு தாயி."